மூக்கு அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஏழு நாள் மாத்திரை

காவேரிப்பட்டணத்துப் பக்கம் மாம்பழக் கூழ் ஆலைகள் ஓடும் ஆனி மாதத்தில், கிருஷ்ணகிரிக்குப் போகும் பேருந்துக்குள்ளும் அந்த வாசனை ஏறிவிடும். இரண்டு ஆண்டுகளாக எனக்கு அது தெரியவே இல்லை. இரு பக்க மூக்கும் அடைத்து, வாயால் மூச்சுவிட்டுத் தூங்கி, காலையில் நாக்கு வறண்டு எழுவது வழக்கமாகிவிட்டது. எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டுத் திரையில் மருத்துவர் காட்டியபோது, நுங்குச் சுளையைப் போல வெளிறிய, வழுவழுப்பான சதைகள் மூக்கை நிறைத்திருந்தன. சி.டி. ஸ்கேனில் சைனஸ் அறைகள் அனைத்தும் அடைபட்டிருந்ததால் அறுவை சிகிச்சை வேண்டும் என்று சொன்ன அவர், அதற்கு முன் ஏழு நாட்களுக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தினமும் 30 மி.கி. எழுதினார்.

எழுதுவதற்கு முன்பே வயிற்றுப்புண், காசநோய், கண் நீர் அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்க்கரை நோய் இருப்பதைச் சொல்லிவிட்டேன். ஆனால் இந்த மாத்திரையை முன்பே சாப்பிட்டிருப்பதைச் சொல்லவில்லை. பழைய மருந்துச் சீட்டு ஒன்றைக் காட்டி, ஒரு மெடிக்கலில் அதே ஆண்டில் நான்கு முறை வாங்கி விழுங்கியிருந்தேன். மயக்க மருந்து மருத்துவர் தனியாக விசாரித்தபோதுதான் அதை ஒப்புக்கொண்டேன். வெளியிலிருந்து ஸ்டீராய்டு அடிக்கடி வந்துகொண்டிருந்தால், உடல் தானாகச் சுரப்பது மந்தப்பட்டு, அறுவை சிகிச்சையின்போது ரத்த அழுத்தம் திடீரென இறங்கக்கூடும் என்பதை அவர் விளக்கியபோது, மறைத்தது எவ்வளவு பெரிய தவறு என்று புரிந்தது.

காலை உணவு முடிந்ததும் 10 மி.கி. மாத்திரை மூன்றையும் ஒன்றாகப் போட்டுக்கொள்ள வேண்டும். மாலையில் போட்டால் தூக்கம் கெடும். காலையில் போட்டும் எனக்கு இரண்டு இரவுகள் தூக்கம் வரவில்லை, பசியோ அடங்கவில்லை. சர்க்கரை இன்னும் தொல்லை தந்தது. மூன்றாம் நாள் வெறும் வயிற்றில் 118 காட்டிய கருவி, மதியச் சாப்பாட்டுக்குப் பின் 264 காட்டியது. காலையில் போடும் ஸ்டீராய்டு மதியத்திலும் மாலையிலும்தான் சர்க்கரையை அதிகம் ஏற்றும் என்பதால், காலை அளவை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்திருந்தால் ஏமாந்திருப்பேன். தொலைபேசியில் சொன்னதும் மருத்துவர் சர்க்கரை மாத்திரையின் அளவை மாற்றினார்.

நான்காம் நாள் காலை, அடுப்பில் ராகிக் களி அடிப்பிடித்த வாசனை கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு, அங்கேயே சற்று நேரம் நின்றேன். "மூக்குதான் தொறந்துக்கிச்சே, அப்புறம் எதுக்குங்க ஆபரேஷன்?" என்றார் என் மனைவி. எனக்கும் அதே எண்ணம்தான். மறுநாளே தர்மபுரிக்குப் போய் மருத்துவரிடம் கேட்டேன்.

"மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் சதை மறுபடி வீங்கிவிடும், ஐயா. இது வழியைச் சுத்தம் செய்து தருகிறது, அவ்வளவுதான்" என்றார். கண்ணுக்கும் சைனஸ் அறைக்கும் நடுவே இருப்பது காகிதம் போன்ற மெல்லிய எலும்பு. மேலே மூளையின் அடித்தளம். சதை வீங்கியிருந்தால் ரத்தம் அதிகம் கசியும்; சிறு கசிவுகூட எண்டோஸ்கோப்பின் பார்வையை மறைத்துவிடும். வீக்கம் வடிந்திருந்தால் கசிவு குறைந்து, இடம் தெளிவாகத் தெரியும், நேரமும் மிச்சமாகும். படத்தில் அந்த எலும்பைத் தொட்டுக் காட்டி அவர் சொன்ன பிறகு நான் தயங்கவில்லை.

அறுவை சிகிச்சை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவில் பயப்பட ஒன்றுமில்லை. இப்போது தினமும் காய்ச்சி ஆறிய உப்பு நீரால் மூக்கைக் கழுவி, ஸ்டீராய்டு ஸ்பிரே அடிக்கிறேன். இந்தச் சதை திரும்ப வளரக்கூடியது என்பதால் அதை விடக் கூடாதாம். வாய்வழி ஸ்டீராய்டை ஆண்டுக்கு ஓரிரு முறைக்கு மேல் எடுத்தால் எலும்பும் கண்ணும் பாதிக்கப்படலாம் என்று எச்சரித்ததால், சர்க்கரை அளவு எழுதும் நோட்டின் முதல் பக்கத்தில் மாத்திரையின் பெயர், அளவு, தொடங்கிய நாள், முடித்த நாள் ஆகியவற்றைக் குறித்திருக்கிறேன். மெடிக்கலில் வாங்கிய அந்த நான்கு முறைகளையும் நினைவிலிருந்து கீழே எழுதி, நோட்டை மருத்துவரிடம் காட்டிவிட்டேன்.