ரோஜர் மில்லாவும் எங்கள் மாஸ்ரரும்

பள்ளிக்கூட விளையாட்டு நினைவுகளை எழுதித் தரச் சொல்லி மலர்க் குழு கேட்டபோது எனக்கு முதலில் வந்த பெயர் எங்கள் அணியில் ஆடிய எவருடையதும் இல்லை, ரோஜர் மில்லாவுடையது. கமரூன் நாட்டு உதைபந்தாட்டக்காரர். எங்கள் கல்லூரிக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, ஆனால் 1990 இல் ஒன்பதாம், பத்தாம் ஆண்டில் இருந்த எங்கள் செற்றில் யாரைக் கேட்டாலும் அந்தப் பெயரைச் சொல்லுவார்கள். அதற்குக் காரணம் எங்கள் உதைபந்தாட்ட மாஸ்ரர்.

ஜூன் 8, வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை. உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டம், மரடோனாவின் ஆர்ஜென்ரீனாவும் கமரூனும். எங்கள் ஒழுங்கையில் ரிவி இருந்த ஒரே வீட்டு விறாந்தையில் முப்பது பேராவது இருந்திருப்போம். ஒரு அண்ணா கூரையில் ஏறி அன்ரனாவைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க, தூர்தர்ஷன் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஒமாம் பியிக் தலையால் முட்டிய பந்து கோல்காப்பாளரின் கையில் பட்டு உள்ளே உருண்டபோது விறாந்தையே எழும்பி நின்றது. இரண்டு பேர் சிவப்பு மட்டை வாங்கி வெளியேற, ஒன்பது பேரோடு கமரூன் 1-0 என்று வென்றது. கடைசி நிமிடங்களில் மாற்று வீரராக ஒருவர் உள்ளே வந்தார். "உவருக்கு முப்பத்தெட்டு வயசடா" என்று மாஸ்ரர் சொன்னார். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

ஜூன் 11 இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் இடையே சண்டை தொடங்கியது, அதோடு கரண்டும் போனது. அதற்குப் பிறகு நான் அந்த உலகக் கிண்ணத்தில் ஒரு ஆட்டமும் பார்க்கவில்லை.

பார்க்கவில்லையே தவிர, எல்லாம் தெரியும். மாஸ்ரரிடம் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. இரவில் பிபிசி ஆங்கிலச் சேவையைக் காதோடு வைத்துக் கேட்பார், பின்னேரம் ஷெல் சத்தம் கொஞ்சம் அடங்கினால் ஒழுங்கை முடக்கில் வந்து நிற்பார், நாங்கள் சுற்றி நிற்போம். ருமேனியாவுக்கு எதிராக மில்லா பிற்பாதியில் வந்து இரண்டு கோல் போட்டதை அப்படித்தான் கேட்டோம். கொலம்பியாவுடன் நடந்ததையும் அப்படித்தான். அது ஜூன் 23, நேப்பிள்ஸ். தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை, மேலதிக நேரத்தில் 106 ஆவது நிமிடம் மில்லா ஒன்று போட்டார், இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. அந்த இரண்டாவது கோலை மாஸ்ரர் சொன்ன விதத்தை என்னால் மறக்க முடியாது. ஒரு தடியை எடுத்து மணலில் பெனால்ரிப் பெட்டியைக் கீறினார். அதற்கு நல்ல தூரம் தள்ளி, வேலிக் கதியாலுக்குக் கிட்ட, இன்னொரு கோடு கீறினார். "கோல்காப்பாளர் ஹிகிற்றா பந்தோட இவ்வளவு தூரம் வெளியால வந்திட்டான்" என்றார். பிறகு அவரே மில்லாவாகிக் குனிந்து, அடி அடியாக நெருங்கி, அந்தக் கோட்டில் பந்தைப் பறித்து, காலிக் கோலை நோக்கி ஓடிக் காட்டினார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார், மூச்சு வாங்கியது. நாற்பதைத் தாண்டிய மனிதர்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் எங்களுக்கு அதுதான் விளையாட்டு. ஒருவன் ஹிகிற்றா, ஒருவன் மில்லா. மில்லா கோல் போட்டதும் மூலைக்கொடியடியில் போய் ஆடுவாராம். அதற்காக மூலைக்கொடிக்குப் பூவரசம் தடி ஒன்றை நட்டு, கோல் போட்டவன் அதனடியில் போய் இடுப்பை ஆட்டுவான்.

அந்த நடனத்தைத்தான் உலகமும் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. மூலைக்கொடியடியில் ஆடிய கிழவர் என்று மில்லாவைச் சுருக்கிவிடுகிறார்கள், அதற்கு முன்னால் அந்த மனிதர் ஓடிய இருபது வருடத்தை யாரும் பேசுவதில்லை. 1952 இல் யாவுண்டேயில் பிறந்தவர். 1976 இலேயே ஆபிரிக்காவின் சிறந்த வீரர் விருதைப் பெற்றுவிட்டார், அடுத்த வருடம் பிரான்சுக்குப் போனார். வலன்சியென், மொனாக்கோ, பஸ்ரியா என்று கழகம் கழகமாக ஆடினார். மொனாக்கோவுடன் 1980 இல் பிரெஞ்சுக் கிண்ணம், அடுத்த வருடம் பஸ்ரியாவுடன் அதே கிண்ணம், அந்த இறுதி ஆட்டத்தில் அவரே கோலும் போட்டார். பிறகு செயின்ற் எற்றியெனுக்கும் மொன்பெலியேக்கும் போனபோது இரண்டுமே இரண்டாம் பிரிவில் கிடந்த கழகங்கள், இரண்டும் அவர் இருக்கும்போதே முதற்பிரிவுக்கு ஏறின. 1982 உலகக் கிண்ணத்தில் கமரூன் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை, மூன்றும் சமநிலை. கிண்ணத்தை வென்ற இத்தாலியோடுகூட 1-1. இத்தாலிக்கும் மூன்றும் சமநிலைதான், ஆனால் மூன்று ஆட்டத்திலும் சேர்த்து ஒரு கோல் கூடுதலாகப் போட்டிருந்ததால் கமரூன் வீட்டுக்குப் போனது. அப்போது மில்லாவுக்கு முப்பது வயது. எந்த வீரரும் தன் காலம் அவ்வளவுதான் என்று நினைக்கக்கூடிய வயது.

1989 இல் பிரான்சை விட்டு ரியூனியன் தீவுக்குப் போய் ஒரு சின்னக் கழகத்தில் ஆறுதலாக ஆடிக்கொண்டிருந்தார். எங்களுடைய அதே இந்து சமுத்திரத்தில் இருக்கிற தீவு அது. அங்கேதான் கமரூன் ஜனாதிபதி போல் பியாவின் தொலைபேசி அழைப்புப் போனது, திரும்பி வந்து நாட்டுக்கு ஆடு என்று. வந்தார், 1990 உலகக் கிண்ணம் நடந்த இத்தாலியில் நாலு கோல். காலிறுதியில் இங்கிலாந்தோடு பிற்பாதியில் இறங்கி, ஒரு பெனால்ரியை வாங்கிக் கொடுத்து, அடுத்த கோலுக்குப் பந்தும் எடுத்துக் கொடுத்தார். கமரூன் 2-1 என்று முன்னுக்கு நின்றது, லினேக்கரின் இரண்டு பெனால்ரியில் 3-2 என்று போய்விட்டது. மாஸ்ரர் அந்த முடிவைச் சொன்ன பின்னேரம் ஒருத்தரும் பந்தை எடுக்கவில்லை. ஆனால் காலிறுதி வரை போன முதல் ஆபிரிக்க நாடு அதுதான், அடுத்த உலகக் கிண்ணத்தில் ஆபிரிக்காவுக்கு இரண்டு இடம் மூன்றாக உயர்ந்தது.

1994 இல் நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன், இன்னமும் கரண்ட் இல்லை. பற்றரிக்கு வழியில்லாததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். சுற்றுவது நான், கேட்பது மாஸ்ரர். ரஷ்யாவிடம் கமரூன் 6-1 என்று தோற்ற செய்தி வந்தது, அந்த ஒரு கோல் மில்லாவுடையது. 42 வயதும் 39 நாளும். மாஸ்ரர் ஒன்றும் பேசவில்லை, கையைக் காட்டி என்னை நிற்பாட்டச் சொல்லிவிட்டு அப்படியே இருந்தார். மில்லா அதற்குப் பிறகும் இந்தோனேசியாவில் போய் ஆடினார். இப்போது கமரூனில் அவருடைய அறக்கட்டளை கழிவுப் பிளாஸ்ரிக்கில் நடைபாதைக் கற்கள் செய்கிறது.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகு ஒரு நண்பன் 1990 ஆட்டங்களின் வீடியோ கசெற் கொண்டுவந்தான். ஹிகிற்றா கோல் வந்ததும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். மாஸ்ரர் ஒழுங்கையில் பத்து நிமிடம் காட்டியது, ரிவியில் சில செக்கன்தான். மில்லா தவறுக்காகக் காத்து நிற்கவே இல்லை, நெருக்கிக்கொண்டே வந்து பறிக்கிறார், பறித்த பிறகு ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கிழமையே ஊரில் இருந்த மாஸ்ரருக்குப் போன் எடுத்தேன். கோலைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னதும் மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவர் அதைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரேடியோவில் கேட்டதை வைத்துத்தான் அவ்வளவும் ஓடிக் காட்டியிருக்கிறார்.

"ஹிகிற்றா எவ்வளவு தூரம் வெளியால வந்தவன்?" என்று கேட்டார்.

"பெட்டிக்கு நல்லா வெளியால, சேர். நீங்கள் காட்டின மாதிரித்தான்."

"அப்ப நான் வேலியடியில கீறின கோடு சரிதான், என்ன?" என்றார்.