கூடை இல்லாமல் ஏறிய மலை

மலையகத்தில் நடக்கப் போவதற்கு நல்ல காலம் எது என்று கெம்பஸில் யார் கேட்டாலும் தை மாதம் என்றுதான் சொல்வேன். உடனே "ஐயோ, குளிருமே" என்பார்கள். குளிரத்தான் செய்யும், அதற்காகத்தான் போவது. மார்கழி முழுக்க வடகீழ் பருவப்பெயர்ச்சி மழை விட்டு விட்டுப் பெய்யும், பாதையெல்லாம் சேறு, அட்டைத் தொல்லை வேறு. தை பாதி கடந்ததும் மழை ஒதுங்கி வானம் வெளித்துவிடும். அந்தக் கொஞ்ச நாட்களில்தான் விடியற்காலையில் நின்று பார்த்தால் ஒரு மலைக்குப் பின்னால் இன்னொரு மலை, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று கண்ணுக்கு எட்டும் தூரம்வரை தெரியும்.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். என் அறைத்தோழி யாழ்ப்பாணத்துக்காரி, எங்கள் கூட்டத்தில் மட்டக்களப்பில் இருந்து ஒருவன், மன்னாரில் இருந்து ஒருவன், பதுளையில் இருந்து இன்னொருத்தி. இவர்கள் எல்லோரும் முதல் வருடத்தில் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நீ மலையிலதானே இருந்தனி, எந்தெந்த மலை ஏறியிருக்கிறாய்?" யோசித்துப் பார்த்தேன். தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையைத் தவிர வேறொன்றும் இல்லை. எங்கள் பக்கமிருந்து பார்த்தால் கிரேட் வெஸ்டர்ன் மலை பெரிதாக எழுந்து நிற்கும், வெள்ளைக்காரர்கள் முதுகில் பையோடு அதற்கு வழி கேட்டுக்கொண்டு வருவார்கள், நாங்கள் வழி காட்டுவோம், ஆனால் எங்களில் ஒருவரும் அதில் ஏறியதில்லை. ஏற வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இதை நான் மிகவும் யோசித்திருக்கிறேன். விடியற்காலையில் எழும்பி, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சரிவில் நிற்கிற அம்மாவுக்கு, ஞாயிற்றுக்கிழமையும் இன்னொரு சரிவில் ஏறு என்றால் யார் ஏறுவார்கள்? நான் நண்பர்களோடு நடக்கப் போகிறேன் என்று முதல் தடவை சொன்னபோது அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டார்: "நாங்க சம்பளத்துக்கு ஏறுறோம். நீங்க காசு குடுத்து ஏறப் போறீங்களா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. ஆனால் போனேன்.

தொடக்கம் ஹந்தானை. அது கெம்பஸுக்குப் பின்னாலேயே இருக்கிறது, பாடம் இல்லாத நாளில் காலையில் ஏறி மத்தியானம் இறங்கிவிடலாம். உயரம் பெரிதில்லை என்று அலட்சியமாகப் போகிறவர்கள் நிறையப் பேர். அங்கே பிரச்சினை உயரம் இல்லை, மூடுபனி. பத்து நிமிடத்தில் மூடிவிடும், முன்னால் போகிறவனின் முதுகு தெரியாது, மானாப் புல் ஆள் உயரத்துக்கு நிற்கிறதால் பாதை எது, பள்ளம் எது என்று பிரிக்க முடியாது. வழி தவறிய மாணவர்களைத் தேடிப் போய் இறக்கிய செய்திகள் வந்ததுண்டு. அதனால் எங்கள் கூட்டத்தில் ஒரு விதி: மூடினால் இருந்த இடத்திலேயே இரு. விலகும்வரை தேத்தண்ணி குடி, கதை பேசு, ஒருவரும் தனியாக அசையக் கூடாது.

சரி, நான் சொல்ல வந்தது ஹோர்டன் சமவெளி என்கிற மலைமேல் புல்வெளித் தேசிய பூங்கா பற்றி.

நுவரெலியாவில் சித்தி வீட்டில் இரவு தங்கினோம். ஐந்து பேருக்கும் சித்தி வீட்டில் இருந்த எல்லாக் கம்பளிகளும் போதவில்லை. முதல் நாள் சாயந்தரமே பேல் பஸாருக்குப் போய், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சின தடித்த ஜாக்கெட்டுகளைப் பேரம் பேசி வாங்கியிருந்தோம். குளிருக்கு உடுப்பு வாங்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மன்னார்ப் பையன் மட்டும் ஜீன்ஸும் பருத்தி டீசேர்ட்டுமே போதும் என்று நின்றான். பருத்தி ஒரு தடவை நனைந்தால், அது வியர்வையாக இருந்தாலும் பனியாக இருந்தாலும், காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சித்தப்பா தன் பழைய கம்பளிச் சட்டையைக் கொடுத்து, "தம்பி, இத உள்ளுக்குப் போடுங்க" என்றார். காலையில் அவன்தான் எல்லோரையும்விட வசதியாக இருந்தான்.

நான்கு மணிக்கு வேன். அம்பேவெல தாண்டும்போது இன்னும் இருட்டு, ஹெட்லைட் வெளிச்சத்தில் பாதையோரப் புல் வெள்ளையாகத் தெரிந்தது. யாழ்ப்பாணத்துக்காரி வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினாள். "எடியே, இது ஐஸ்! உண்மையா ஐஸ்!" என்று கையில் அள்ளினாள். ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் பொடிப் பொடியாக உறைந்து நின்றது, காலை வைத்தால் நொறுங்கும் சத்தம் கேட்டது. மட்டக்களப்பான் நாக்கில் வைத்துப் பார்த்தான்.

இது எப்படி வருகிறது என்பதை அங்கே நின்றே அவர்களுக்குச் சொன்னேன். மேகமும் காற்றும் இல்லாத இரவில், பகலில் நிலம் வாங்கிய சூடு அப்படியே வானத்துக்குப் போய்விடும். மேகம் இருந்தால் கொஞ்சத்தையாவது திருப்பி அனுப்பும், இல்லையென்றால் நிலம் விறைக்கும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். அதனால்தான் மேட்டுப் புல்லில் வெறும் பனித்துளியும் பள்ளத்துப் புல்லில் உறைபனியும் இருக்கும், இரண்டுக்கும் இடையில் சில அடி தூரம்தான். ஆள் உயரத்தில் வைத்த வெப்பமானி 3 பாகை காட்டும்போதே காலடிப் புல் 0 பாகைக்குக் கீழே போயிருக்கும். ஒவ்வொரு 1000 மீற்றர் ஏறும்போதும் ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கும். பேராதனை 500 மீற்றருக்குச் சற்றுக் கீழே, ஹோர்டன் சமவெளி 2100 மீற்றருக்கு மேலே. மிச்சக் கணக்கைத் தோல் போட்டுச் சொல்லிவிடும்.

அவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, என் மனசு வேறு பக்கம் போய்விட்டது. எங்களுக்கு இந்த வெள்ளை என்றால் கருகின கொழுந்து. வெயில் பட்டதும் துளிர் கறுத்துவிடும், அப்புறம் செடி திரும்பத் தளிர்க்கும்வரை அந்த மலையில் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் வீட்டில் என்ன குறையும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் போட்ட உருளைக்கிழங்குப் பாத்திக்கு இந்த நாட்களில் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார், விரல் விறைத்துப்போகும். இதையெல்லாம் அவர்களிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரி கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். போட வேண்டாம் என்றேன். அழகு அழகுதான். எனக்கும் அன்றைக்குத்தான் அதை நின்று பார்க்க நேரம் கிடைத்தது.

பூங்கா வாசலில் ஆறு மணிக்கு விடுவார்கள். பையைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், பிஸ்கட் உறையைக்கூட, அதனால் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோங்கள். எங்களிடம் ரொட்டியும் கட்டைச் சம்பலும் இருந்தன. உள்ளே சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். உலக முடிவு என்கிற செங்குத்து மலை விளிம்புக்குத்தான் முதலில் போக வேண்டும், ஏனென்றால் ஒன்பது, பத்து மணிக்குக் கீழேயிருந்து மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும். நாங்கள் போன நேரம் ஒரு துளி மேகம் இல்லை. விளிம்பில் இருந்து ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாகக் கீழே, அங்கே சின்னச் சின்னதாகத் தேயிலையும் ஒரு லயமும். அந்த லயத்துக் கூரையில் இருந்து புகை கிளம்பியது, யாரோ காலைச் சமையலைத் தொடங்கியிருந்தார்கள். அத்தனை உயரத்தில் இருந்து ஒரு லயத்தைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. பதுளைக்காரியும் நானும் அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டோம், மற்றவர்கள்தான் வந்து கூப்பிட்டார்கள்.

திரும்பும்போது புல்வெளியில் மரைக் கூட்டம் மேய்ந்தது. ரொட்டியை நீட்ட வேண்டும் என்று ஆசை வரும், நீட்டாதீர்கள். அந்தப் புல்வெளியில் ஊறுகிற தண்ணீர்தான் மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் போகிறது. மட்டக்களப்பானுக்கு இதைக் கேட்டதும் பெரிய மகிழ்ச்சி, அவனுடைய மாவட்டத்து வயல்களுக்கும் மகாவலித் தண்ணீர் பாய்கிறது. ஓடையில் கையை நனைத்து, "மறுகா நான் ஊருக்குப் போய்ச் சொல்லுவன்" என்றான்.

இறங்கினது ஒஹிய வழியாக, காட்டுக்குள்ளால் 11 கிலோமீற்றர் பாதை. பின்னேர ரயிலைப் பிடித்தோம். ஒஹியவுக்கும் பட்டிப்பொலவுக்கும் இடையில்தான் நம் நாட்டு ரயில் பாதையின் உச்சி, பட்டிப்பொல நிலையமே 1891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒரு சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் மூட்டம். தலையை வெளியே நீட்டாமல் இருக்க முடியவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் சுரங்கத்திலும் பாறையிலும் அடிபட்டவர்கள் இருக்கிறார்கள், உள்ளே இருந்தே பாருங்கள்.

அதற்கு அடுத்து சிவனொளிபாத மலை. இதற்கு மட்டும் அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாமி காரியம். அம்மாவே இளம் வயதில் தோட்டத்துச் சனங்களோடு லொறியில் போய் ஏறியிருக்கிறார். மார்கழிப் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி வைகாசி வெசாக் வரைக்கும்தான் பருவகாலம், அந்த மாதங்களில் படியெல்லாம் விளக்கு எரியும், தேத்தண்ணிக் கடை இருக்கும். போயாவையும் சனி, ஞாயிறையும் தவிர்த்து ஒரு கிழமை நாளில் போனோம், இல்லையென்றால் படியிலேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டும். ஹட்டனில் பஸ் எடுத்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தைத் தாண்டித்தான் போகிறது. பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும்.

இரவு ஏற்றத்தில் குளிர் தெரியாது, வியர்க்கும். 5000 படிகளுக்கு மேல், கடைசிப் பகுதி ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும், கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்துத்தான் ஏற வேண்டும். ஆபத்து உச்சியில். 2243 மீற்றரில் காற்று அடிக்கும்போது வியர்த்த சட்டை உடம்போடு ஒட்டி விறைக்கும், சூரியன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே கடையில் நின்று, நனைந்ததைக் கழற்றி உலர்ந்த பனியன் மாற்றி, தலைக்கும் காதுக்கும் துணி கட்டிக்கொண்டு அப்புறம் மேலே போங்கள். சீக்கிரம் ஏறிவிட்டோம் என்பதில் ஒரு பெருமையும் இல்லை. சிங்களப் பெரியவர்கள் "கருணாவய்" என்று பாடிக்கொண்டு ஏற, எங்கள் பின்னால் வந்த பொகவந்தலாவைச் சனங்கள் "அரோகரா" சொல்ல, வழி முழுக்க இரண்டும் கலந்து கேட்டது. எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை உச்சியில் மணி அடிக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி, காலில் செருப்புகூட இல்லை, அடித்துக்கொண்டே இருந்தார், சுற்றி நின்றவர்கள் எண்ணத் தொடங்கி, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். சூரியன் வந்ததும் எல்லோரும் கிழக்கே பார்ப்பார்கள். நீங்கள் மேற்கே திரும்புங்கள், மலையின் நிழல் சுத்தமான முக்கோணமாக மூட்டத்தின் மேல் விழுந்திருக்கும், கொஞ்ச நேரம்தான்.

மழைக் காலத்தில் மட்டும் போக வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், எச்சரிக்கை இருந்தால் திட்டத்தை அப்படியே விட்டுவிடுங்கள். மலை அடுத்த மாதமும் இருக்கும்.

இந்த மாசியில் கிரிகல்பொத்த ஏறப் பார்க்கிறோம். ஹோர்டன் சமவெளிக்குள்ளேயே இருக்கிறது, சுற்றுப்பாதையைவிட நீளம், கடினமும் கூட. அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உலக முடிவில் எடுத்த படங்களைப் போனில் காட்டியபோது அம்மா அந்த லயப் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார், அது எந்தத் தோட்டம், யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பிறகு டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். "ஞாயித்துக்கெழம பாரு, வேல நாள்னா பேரு விழாது" என்றார், அன்றைய சம்பளம் போய்விடும் என்ற கணக்கு. வேனுக்குச் சொல்லியாகிவிட்டது, சித்தியும் வருகிறாராம்.