டிஎம்சிஏ புகாருக்கு மறுப்பு அனுப்பியபோது

பதிப்புரிமைப் புகாரின் பேரில் என் காணொலியை நீக்கிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. ஓர் ஆவணப்படத்தைப் பற்றிய விமர்சனம் அது. பேச்சு முழுக்க என்னுடையது. எதைக் குறை சொல்கிறேன் என்று காட்ட மட்டும் படத்திலிருந்து சில நொடிகள். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ எனும் இணையப் பதிப்புரிமைச் சட்டப்படி, புகார் வந்ததும் தூக்கிவிட்டால் தளத்துக்குப் பொறுப்பில்லை. அப்புறம் எந்தத் தளம் நின்று விசாரிக்கும்?

அதே சட்டத்தின் 512(g) பிரிவில், நீக்கியது தவறு என்று மறுக்கும் எதிர் அறிவிப்புக்கு வழி இருக்கிறது. படிவம் சின்னதுதான், ஆனால் நிரப்ப உட்கார்ந்தால் கை தயங்குகிறது. நிஜப் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் வேண்டும். அவை அப்படியே புகார்தாரர் கைக்குப் போகும். புனைபெயரில் இயங்குபவர்கள் பலர் இந்த இடத்திலேயே பின்வாங்குவார்கள், அதில் தப்பும் இல்லை. தவறுதலாக நீக்கப்பட்டதாக நம்புகிறேன் என்று உறுதிமொழி தர வேண்டும். பொய் என்றால் தண்டனை. வெளிநாட்டில் இருந்தாலும் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்க வேண்டும்.

புகார் கொடுப்பவருக்கு இந்தக் கெடுபிடி கிடையாது. உரிமையாளர் சார்பில் பேச அதிகாரம் உண்டு என்பதற்கு மட்டும்தான் அவருக்குப் பொய்ச் சத்தியத் தண்டனை. காணொலி உரிமையை மீறுகிறது என்பதற்கு, அவர் அப்படி நல்லெண்ணத்தோடு நம்பினாலே போதும். எனக்கு எரிச்சல் வந்தது இங்கேதான்.

விளக்கத்தில் உணர்ச்சியைக் குறைத்து, நியாயமான பயன்பாட்டுக்கு (விமர்சனம் போன்றவற்றுக்காகப் பிறர் படைப்பை அனுமதி கேட்காமல் எடுத்தாள்வது) அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு சொல்லும் நான்கு அளவுகோல்களை வைத்தே எழுதினேன். எதற்காக எடுத்தேன், எவ்வளவு எடுத்தேன், என் காணொலியைப் பார்த்தவர் மூலப்படத்தைப் பார்க்காமல் விட்டுவிடுவாரா என்பவற்றுக்கு அதிக இடம். குழந்தை ஆடும் 29 நொடிக் காணொலி தொடர்பான லென்ஸ் வழக்கில், நியாயமான பயன்பாடா என்று யோசித்த பிறகே புகார் அனுப்ப வேண்டும் என 2015-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்தேன்.

பிறகு காத்திருப்பு. புகார்தாரர் வழக்குப் போடாவிட்டால், மறுப்பு கிடைத்ததிலிருந்து 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் தளம் காணொலியைத் திருப்பிப் போட வேண்டும். வழக்கு வரவில்லை, காணொலி திரும்ப வந்தது. புகார்தாரரிடமிருந்து பதிலே இல்லை. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தவரிடம் 512(f)-இன் கீழ் நட்டஈடு கேட்கலாம்தான். 'தெரிந்தே' என்பதை நிரூபிப்பது யார்? அந்தப் பக்கம் நான் போகவில்லை.