மிலிட்டரி வீட்டுத் தபால்

2024 நவம்பர் 6, புதன்

ரிடையர் ஆகி இரண்டு வருஷமாகிறது. இன்னமும் காலையில் தபால் பை வரும் நேரத்துக்குக் கால் தன்னால் போஸ்டாபீஸ் பக்கம் போய் நிற்கிறது. என் இடத்துக்கு வந்திருப்பது இருபத்துநாலு வயதுப் பிள்ளை. ஸ்கூட்டியில் போகிறாள். நான் போய் நிற்பது அவளுக்கு ஒத்தாசையா தொந்தரவா என்று தெரியவில்லை. கேட்கவும் பயம்.

நவம்பர், பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டிய மாதம். இப்போதெல்லாம் 70 ரூபாய் கொடுத்தால் தபால்காரரே வீட்டுக்கு வந்து கருவியில் ரேகை வாங்கிக்கொள்கிறார். "மிலிட்டரி தாத்தாவுக்கு ரேகையே விழமாட்டேங்கு. கொஞ்சம் கூட வாங்க தாத்தா" என்றாள். போனேன். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்கள். பத்தையும் வைத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் விழவில்லை. கடைசியில் முகத்தைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்றாள். போனைப் பார்க்கச் சொன்னதும் மனுஷன் பரேடில் நிற்பதுபோல விறைத்துக்கொண்டார். "கண்ணைச் சிமிட்டுங்க தாத்தா. சிமிட்டினாத்தான் அது உசுரோட இருக்கிற ஆளுன்னு நம்பும்."

வெளியே வந்தால் வாசலில் இரண்டு பையன்கள். தீபாவளிக்கு வந்த பட்டாளத்துப் படத்தைத் திருநெல்வேலியில் பார்த்துவிட்டு வந்தவர்கள். மிலிட்டரியோடு செல்பி எடுக்க வேண்டுமாம். எடுத்தார்கள். ஒருவன் கேட்டான்: "எந்தச் சண்டை தாத்தா, பாகிஸ்தானா?"

"இல்லடே, சிலோன்."

"நம்ம ஆளுகளுக்காகவா?"

"அப்படித்தான் சொல்லி அனுப்புனாக" என்றார். பையன்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதனால்தான் இதை எழுத ஆரம்பிக்கிறேன். போனில் தமிழ் தட்டுவதற்குப் பேரன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 நவம்பர் 9, சனி

எங்கள் ஊர் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். பத்தமடைக்கும் வீரவநல்லூருக்கும் நடுவே மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே போக வேண்டும். நான் இங்கே இ.டி. தபால்காரனாக, அதாவது இலாகாவின் நிரந்தர ஊழியர் கணக்கில் வராத கிராமத் தபால்காரனாகச் சேர்ந்தது இருபது சொச்சம் வயதில். இப்போது அதற்கு ஜி.டி.எஸ். (கிராமின் டாக் சேவக்) என்று பெயர், சம்பளக் குறை மட்டும் அதேதான்.

மிலிட்டரி என்னைவிட ஆறு வயது இளையவர். 1982-ல் வெலிங்டனுக்குப் போனார், மதராஸ் ரெஜிமெண்டில் சேர. நாட்டுக்காகப் போனார் என்று இன்றைக்குச் சொன்னால் அவரே சிரிப்பார். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இருந்தது, நிலம் இல்லை. அவ்வளவுதான். மாதாமாதம் அவருடைய மணியார்டரை அவர் அம்மாவிடம் கொடுத்தது நான்தான். கடிதங்களில் ஊர் பெயர் இருக்காது, 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலைய நம்பர் மட்டும் இருக்கும். காஷ்மீரும் 56 ஏ.பி.ஓ.தான், யாழ்ப்பாணமும் 56 ஏ.பி.ஓ.தான்.

1987 ஜூன் 4-ம் தேதி நம் விமானங்கள் யாழ்ப்பாணத்தில் அரிசி, பருப்பு மூட்டைகளைப் போட்டன. அந்த நடவடிக்கைக்குப் பூமாலை என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் டீக்கடையில் அன்று ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய். அடுத்த மாதம் 29-ம் தேதி ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட, ஐ.பி.கே.எப். என்கிற நம் அமைதிப்படை அங்கே போனது. எங்கள் மிலிட்டரியும் போயிருக்கிறார் என்று தெரிந்ததும் அவர் அம்மாவுக்கு ஊரில் வந்த மதிப்பைச் சொல்லி முடியாது. அந்த ஆவணியில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடுகிற கோமரத்தாடி அவளைத்தான் முதலில் கூப்பிட்டுத் திருநீறு பூசினார்.

அங்கேயும் அப்படித்தானாம். மாலை போட்டார்களாம், அண்ணை அண்ணை என்று கூப்பிட்டார்களாம். "பனையும் செம்மண்ணும், திசையன்விளைக்கு வந்த மாதிரியே இருந்துச்சு அண்ணாச்சி" என்று பின்னால் ஒரு தடவை சொன்னார்.

செப்டம்பரில் புலிகள் இயக்கத்துத் திலீபன் உண்ணாவிரதத்தில் தண்ணீரும் குடிக்காமல் பன்னிரண்டு நாள் கிடந்து 26-ம் தேதி செத்துப்போனார். அக்டோபர் 10 வாக்கில் சண்டை தொடங்கிவிட்டது. காப்பாற்றப் போன படைக்கும் புலிகளுக்கும் சண்டை. 21-ம் தேதி தீபாவளி. அன்றைக்கும் மறுநாளும் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று அறுபது பேருக்கு மேல் நம் படையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பி.பி.சி. தமிழோசைக்காக ராத்திரி டீக்கடையில் ஊரே கூடியிருக்கும். அந்த நாட்களில் ரேடியோ முடிந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

கோபம் நியாயம்தான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அந்தக் கோபம் டெல்லிக்குப் போவதற்கு வழி தெரியாமல் எங்கள் ஊரிலேயே ஒரு ஓட்டு வீட்டைத் தேடிக்கொண்டது.

2024 நவம்பர் 12, செவ்வாய்

மறு வருஷம் கொடைக்கு வரி பிரித்தபோது அந்த வீட்டில் மட்டும் வாங்கவில்லை. வேண்டாம் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. "அப்புறம் வாங்கிக்கிடுதோம் பெரியம்மை" என்றார்கள். அந்த அப்புறம் மூன்று வருஷம் வரவேயில்லை. ஊர் வரி இல்லாத வீடு என்றால் என்னவென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

ஒரு தந்தி வந்த கதையைச் சொல்ல வேண்டும். 1988-ல் கோடைக்காலம். ஆறு வாரமாக அந்த வீட்டுக்கு 56 ஏ.பி.ஓ. எதுவும் இல்லை. மிலிட்டரியின் அம்மா தினமும் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள், நான் சைக்கிளை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவேன். அன்றைக்கு நிறுத்தினேன். என் கையில் தந்தியைப் பார்த்ததும் வாயைத் திறக்காமல் அப்படியே சரிந்தாள். பக்கத்து வீட்டுக்காரி போட்ட கூப்பாட்டில் தெருவே ஓடிவந்தது. முதலில் வந்தவர் டீக்கடைக்காரர், கையில் வடிகட்டித் துணியோடு. பட்டாளத்துக்காரனைத் தினமும் ஏசுகிறவரும் அவர்தான். பெண்கள் மாரடிக்கத் தொடங்கிவிட்டார்கள். தந்தி இங்கிலீஷில். நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் ஒப்பாரி பாதி ஆகிவிட்டது.

சங்கரன்கோவிலில் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது.

அழுதவர்கள் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் பால் கொண்டுவந்து அவளுக்குப் புகட்டினார். மறுநாள் காலையில் கடையில் அதே பேச்சுதான்: "நம்ம சனத்தைக் கொல்லப் போன பயலுவ."

இதை நடிப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டும் நிஜம்.

2024 நவம்பர் 13, புதன்

நாள் முழுக்க மழை. பிசான நெல் நட்டவர்களுக்குச் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி.

2024 நவம்பர் 17, ஞாயிறு

தள்ளிக்கொண்டே வந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

1990 மார்ச் 24-ல் அமைதிப்படையின் கடைசி ஆட்கள் திருகோணமலையிலிருந்து கப்பல் ஏறினார்கள். சென்னையில் வரவேற்பு. முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை நான் வரவேற்க மாட்டேன் என்றுவிட்டார். டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படித்தார்கள். சரிதானே என்றார்கள். நானும் சரிதான் என்றேன். சட்டசபையில் அமர்ந்து அதைச் சொல்வது வேறு, எங்கள் ஊர் ரோட்டில் அது என்னவாக வந்து நிற்கும் என்பது வேறு. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் உச்சி வெயில். மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் மிலிட்டரி இறங்கினார். பக்கத்தில் கறுப்பு இரும்புப் பெட்டி, வெள்ளைப் பெயிண்டில் பெயரும் நம்பரும். அவர் லீவில் வரும்போதெல்லாம் அந்தப் பெட்டி என் சைக்கிள் கேரியரில்தான் ஊருக்குள் போகும். பேசிக்கொண்டே தள்ளிக்கொண்டு போவோம். அன்றைக்கு டீக்கடை பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். நான் பையைத் திறந்து ஏதோ கடிதத்தைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அப்புறம் மிதித்துப் போய்விட்டேன். திருப்பத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். ஒன்றரை மைல்.

பையில் அன்றைக்கு மூன்றே மூன்று தபால்தான்.

2024 நவம்பர் 20, புதன்

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1991 மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். விடிந்தபோது ஊர் வேறு ஊராக இருந்தது. டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த புலிகளின் படங்களைக் கிழித்தார்கள். "மிலிட்டரி அன்னைக்கே சொன்னான்" என்றார்கள். அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அந்த ஆவணியில் கொடைக்கு வரி பிரிக்க வந்தவர்கள் மூன்று வருஷப் பாக்கியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

1999 தொடக்கத்தில் பென்ஷனோடு ஊருக்கு வந்தார். மே மாதம் கார்கில். திருச்சி மேஜர் சரவணன் போன்றவர்களின் படங்கள் பேப்பரில் வந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியல் குலுக்கினார்கள். ஆகஸ்ட் 15-க்குக் கொடியேற்ற ஊரில் மிலிட்டரியைக் கேட்டார்கள். சரி என்றார். 14-ம் தேதி சாயங்கால பஸ்ஸில் சங்கரன்கோவில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

2024 நவம்பர் 25, திங்கள்

இந்தத் தேதியில்தான் 1987-ல் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் யாழ்ப்பாணத்தில் இறந்தார். மகார் ரெஜிமெண்டின் எட்டாவது பட்டாலியன். அந்தப் போரில் பரம்வீர் சக்ரா கொடுக்கப்பட்டது அவர் ஒருவருக்குத்தான். தமிழர். செல்பி எடுத்த பையன்களிடம் கேட்டேன், பெயரே தெரியவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நாங்கள் சொல்லிக்கொடுத்தால்தானே. மொத்தம் ஏறக்குறைய 1,200 பேர் செத்தார்கள். பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருப்பது கொழும்புக்குப் பக்கத்தில், இலங்கை நாடாளுமன்றம் இருக்கிற ஸ்ரீ ஜெயவர்த்தனபுரக் கோட்டை என்கிற ஊரில்.

தையில் மிலிட்டரி மகனுக்குக் கல்யாணம். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். பெயிண்டர் கோபாலசமுத்திரம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருகிறவர், ஐம்பது வயது இருக்கும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் நல்ல பெயிண்டர் வேண்டுமென்றால் முகாமில்தான் கேட்போம். 2021-லிருந்து அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர்.

நான் போனபோது மிலிட்டரி அவரிடம் சொந்த ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொடிகாமம் ஐயா. தொண்ணூறில வந்தனாங்கள்."

"சந்தைக்குப் பக்கமா?" வாய் தவறி வந்துவிட்டது.

பெயிண்டர் பிரஷை டப்பாவின் விளிம்பில் மெதுவாக வழித்தார். "ஐயா ஐ.பி.கே.எப்.பில இருந்தனீங்களோ?"

"ஆமா."

கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி அடித்தார். அப்புறம் பேசினார். "எங்கட பக்கம் சென்றியில தமிழ் கதைக்கிற ஆமி ஒருத்தர் நிண்டவர். சுத்திவளைப்பு எண்டா அவர்தான் வந்து எல்லாரையும் வெளியில வரச் சொல்லுவார். மற்ற ஆமி அடிச்சா, அவனுக்கு எங்கட பாஷை விளங்காது எண்டு நினைப்பம். விளங்கினவர் பாத்துக்கொண்டு நிண்டதைத்தான்..." அதோடு நிறுத்திக்கொண்டார். "ஜன்னலுக்கு எந்தக் கலர் சொன்னனீங்கள்?"

"பச்சை" என்றார் மிலிட்டரி.

2024 நவம்பர் 27, புதன்

பெயிண்டர் நேற்று வந்தார், இன்றும் வந்தார். ஜன்னல் பச்சை நன்றாக வந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவர் வேலை செய்த நேரமெல்லாம் மிலிட்டரி வயலில் இருந்தார்.

நேற்று ராத்திரி கால்வாய்ப் பாலத்தில் உட்கார்ந்திருந்தோம். தானாகவே சொன்னார்: "அது நானில்ல அண்ணாச்சி. நான் இருந்தது வேற இடம். ஆனா எனக்கும் அதே வேலைதான். அவுக சொல்லுதத இந்தியில சொல்லணும், ஆபீசர் சொல்லுதத தமிழ்ல சொல்லணும். ஒரு கிழவி, 'தம்பி, என்ர பேரன் படிக்கிற பிள்ளை, விடச் சொல்லு'ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டா. அப்படியே இந்தியில சொன்னேன். கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல."

"விட்டாகளா?"

"லாரியில ஏத்திட்டாக. கூட ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லியிருந்தா விட்டிருப்பாகளோ என்னமோ. முந்தின வாரம்தான் கண்ணிவெடியில எங்க ஆளு மூணு பேரு போயிருந்தான். எனக்கும் அன்னைக்கு வாய் வரல."

தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தேழு வருஷத்தில் எங்கள் ஊரில் அவரிடம் யாரும் கேட்காத கதை. ஏசினவர்களும் கேட்கவில்லை, செல்பி எடுத்தவர்களும் கேட்கவில்லை. அந்தப் பெயிண்டர் ஒருவர்தான் பக்கத்தில் வந்தார். அவரும் கேட்க வரவில்லை, சொல்லத்தான் வந்தார்.

2024 டிசம்பர் 7, சனி

கொடி நாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடி குத்திவிட்டார்கள், பத்து ரூபாய் போட்டேன். சட்டையில் அதோடு மிலிட்டரி வீட்டுக்குப் போனேன். அவர் சட்டையிலும் ஒன்று இருந்தது. அவரும் காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்.

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிப் போயிருந்தேன். 1990 ஏப்ரல், பஸ் ஸ்டாப், இரும்புப் பெட்டி, குனிந்துகொண்டு பையில் தபால் தேடியது எல்லாவற்றையும் சொன்னேன். மறந்திருப்பார் என்று ஒரு நப்பாசை.

"ஞாபகம் இருக்கு" என்றார். "உங்க சைக்கிளப் பாத்ததும் எனக்கு வயத்தக் கலக்கிட்டு. கூட நடந்து வருவீக, அங்க என்ன நடந்துச்சு தம்பின்னு கேப்பீக, ஒன்றரை மைலு என்னத்தச் சொல்லுததுன்னு. நீங்க மிதிச்சுப் போனதும்தான் மூச்சே வந்துச்சு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. முப்பத்துநாலு வருஷம் நான் சுமந்த பெட்டி அது.

அவர் மகன் காப்பி கொண்டுவந்தான். உயிர்ச் சான்று ஏற்கப்பட்டதாகப் போனில் செய்தி வந்திருப்பதைக் காட்டினான். இன்னும் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை.

"அந்தச் சைக்கிள் இருக்கா அண்ணாச்சி?"

"மொபெட் வாங்கினப்ப பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்."

"நல்ல கேரியர் அது" என்றார்.