குளியலறைக் கதவு

"அவ்வளவுதானா? அதோடு முடிந்துவிடுகிறதா?" என்று அந்த அம்மா கேட்டார். "ஆமாம்" என்றேன். பொய்.

அமெரிக்காவின் ஒஹாயோவில் எங்கள் போதை மறுவாழ்வு மையத்தின் குடும்பக் கூட்டத்தில், க்ளுக் என்ற இசையமைப்பாளரின் 'ஓர்ஃபேயோ' ஓப்பராவை, அதாவது இசை நாடகத்தை, காட்டுவது என் யோசனைதான். 1762இல் வியன்னாவில் அரங்கேறியது. ஓர்ஃபேயோ செத்துப்போன மனைவியைப் பாதாளத்திலிருந்து கூட்டிவருகிறான். வெளியே வரும்வரை அவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, காரணமும் சொல்லக் கூடாது. 'என் மேல் அன்பே இல்லையா' என்று அவள் அழ அழ, தாங்காமல் திரும்புகிறான். அவள் மறுபடி சாகிறாள். மாத்திரைக்குக் காசு கேட்டுப் பிள்ளை அழும்போது இளகிவிடும் பெற்றோருக்கு இது புரியும் என்று நினைத்தேன். சிலருக்குப் புரியவும் செய்தது. ஒரு அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

'அவ்வளவுதானா' என்று கேட்ட அந்த அம்மா மட்டும் எல்லோரும் போகும்வரை இருந்தார். மூத்த மகன் இறந்துவிட்டான். இப்போது இளையவளுக்காக வருகிறார். "நான் திரும்பிப் பார்க்கவில்லையே. குளியலறைக் கதவு பூட்டியிருந்தது. வேவு பார்க்காதே, நம்பு என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நம்பினேன்."

என்னிடம் பதில் இல்லை. "இது வெறும் கதைதானே" என்றேன். கதையைத் தூக்கிக்கொண்டு வந்தவனே நான்.

எங்கள் வேலையில் பாடம் நேர் எதிர். அந்த மாத்திரையைச் சில வாரம் விட்டிருந்தால் உடம்பு பழைய அளவைத் தாங்காது, அதையே மறுபடி எடுத்தால் மூச்சு அடங்கிவிடும். அப்படி மூச்சு அடங்கியவரை மீட்கும் நலோக்சோன் என்ற மருந்து 2023இலிருந்து மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. ஆனால் மூக்கில் அடிக்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் திரும்பிப் பார்க்கவும் வேண்டும். தெரிந்தும் ஏன் இந்தக் கதை? உண்மையைச் சொன்னால், அவள் இறந்ததும் அவன் பாடும் பாட்டு எனக்குப் பிடிக்கும். இதைக் காட்டியதில் பாதி என் ஆசை.

அந்தப் பாட்டோடு நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு காதல் தெய்வம் வந்து அவளை எழுப்பிவிடும். கிரேக்கக் கதையில் இது கிடையாது, க்ளுக்குக்காக எழுதிச் சேர்த்தது. பொய் நம்பிக்கை வேண்டாமே என்றுதான் வெட்டினேன். அப்புறம்தான் உறைத்தது: மூச்சு நின்றவரை நலோக்சோன் எழுப்புவதை நானே பார்த்திருக்கிறேன். பொய்யான முடிவு என்று எப்படிச் சொல்வேன்?

ஆனால் அன்றிரவு அந்தக் கதவைத் திறக்காத அம்மாவிடம் 'இல்லை, அவள் எழுந்துவிடுகிறாள்' என்று எப்படிச் சொல்வது? சொல்லாதது சரிதான் என்று வாரத்தில் நான்கு நாள் தோன்றுகிறது. அடுத்த வியாழன் அவர் வருவார். முழுவதையும் எங்காவது தேடிப் பார்த்துவிட்டு வந்திருப்பாரோ என்று இப்போதே பயமாக இருக்கிறது.