ஐந்தாவது தந்தி

இன்று மாலைப் பயிற்சியில் என் பெருவிரல், கண்ணின் துணையின்றியே பாஞ்சோ என்னும் தந்தி இசைக்கருவியின் ஐந்தாவது தந்தியைச் சரியான நொடியில் தொட்டது.

மற்ற நான்கு தந்திகளும் கழுத்தின் உச்சியிலிருந்து புறப்பட, இது மட்டும் ஐந்தாவது ஃபிரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அருகே, பக்கவாட்டில் செருகிய முறுக்காணியில் தொடங்குகிறது. ஆகத் தடித்த தந்திக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே, தந்திகளை வழக்கமான ஜி (G) சுருதிக்குக் கூட்டும்போது எல்லாவற்றையும்விட உயர்ந்து ஒலிக்கிறது.

விரல்களுக்கு இந்த முரண் பழகும்வரை இசை வருவதில்லை.

அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அமெரிக்க மண்ணில் சுரைக்குடுக்கையால் செய்த ஆதி பாஞ்சோக்களிலேயே பெருவிரலுக்கென இக்குட்டைத் தந்தி இருந்தது என்பதை எண்ணும்போது, அதனிடம் எனக்குத் தனி மரியாதை பிறக்கிறது.

பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கோர்டுகளைப் பிறகு கற்கலாம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்னும் சுழற்சியை சீரான தாளம் காட்டும் மெட்ரோனோமோடு மிக மெதுவாக வாசிப்பதே தொடக்கநிலையில் முதல் வேலை என்று உறுதியாக நம்புகிறேன்.