கொசஸ்தலை ஆற்றங்கரையில் பதினைந்து லட்சம் ஆண்டுகள்

திருவள்ளூரில் ரயிலை விட்டு இறங்கி, பூண்டிக்குப் பஸ் பிடித்தோம். முதலில் போனது அங்குள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகம். சின்ன இடம்தான், ஆனால் கற்கால மனிதர்களின் கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கம் போகும் முன் பார்த்துவிடுவது நல்லது. அவர்கள் கல்லில் செய்த கைக்கோடாரி எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும்: ஒரு முனை கூர்மை, மறுமுனை உள்ளங்கைக்குள் அடங்கும் தடிமன், இரண்டு பக்கமும் செதில் செதிலாகக் கல் பெயர்ந்த வடு.

காவேரிப்பாக்கம் பக்கமிருந்து வரும் கொசஸ்தலை, நகரியாற்றையும் சேர்த்துக்கொண்டு பூண்டி ஏரியில் தேங்கி, கடைசியில் எண்ணூரில் கடலைத் தொடுகிறது. நாங்கள் போனபோது ஆற்றில் மணலும் முள்செடியும்தான்.

அத்திரம்பாக்கத்தில் கோட்டையோ கோயிலோ எதிர்பார்க்க வேண்டாம். புதர்க்காடு, மழைநீர் அறுத்துப்போட்ட செம்மண் ஓடைகள், அவ்வளவுதான். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் இங்கே வந்து இன்னும் நிறையக் கருவிகளைப் பார்த்தார்.

என்னை அசர வைத்தது செம்மண்ணுக்குக் கீழே இருக்கும் களிமண்தான். அது மனிதர்கள் தோன்றுவதற்கு வெகு முந்தைய பாறைப் படிவம், அதில் ஒன்றும் இருக்காது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1999-இல் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அகழாய்வைத் தொடங்கியது. அந்தக் களிமண்ணுக்குள்ளேயே கருவிகள் கிடைத்தன. ஆறு மெல்லப் படியவிட்ட நைசான களிமண்ணில் பெரிய கல் தானாக வந்து சேராது. ஆக, அங்கே கிடைத்த ஒவ்வொரு கோடாரிக்கல்லும் யாரோ வேறிடத்திலிருந்து கையில் சுமந்து வந்தது!

காலத்தைக் கணித்த முறையும் அழகு. கல் வெட்டவெளியில் கிடக்கும்வரை அண்டவெளிக் கதிர்கள் பட்டு அதில் பெரிலியம், அலுமினியத்தின் கதிரியக்க வகைகள் உருவாகிக்கொண்டே இருக்கும். ஆழத்தில் புதைந்ததும் அது நின்று, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் தேயும். மீதமுள்ள விகிதத்தைப் பார்த்தால் எப்போது புதைந்தது என்று தெரியும். 2011-இல் வெளியான முடிவு: சுமார் 15 லட்சம் ஆண்டுகள், குறைத்துப் பார்த்தாலும் 10 லட்சத்துக்கு மேல். கீழடியைப் பற்றி நாம் பேசுவதில் பாதியாவது இந்த ஊரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

தரையில் கிடக்கும் எந்தக் கல்லையும் எடுத்துப் பையில் போட்டுவிடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடம் இது.

சரி, அவ்வளவு கல்லும் எங்கிருந்து வந்திருக்கும்? அதற்கு அல்லிக்குழி மலைப்பக்கம் உள்ள குடியம் குகைக்குப் போக வேண்டும். காட்டுப்பாதையில் நல்ல நடை, தண்ணீர் அவசியம். குகையின் கூரையும் சுவரும் முழுக்கக் கூழாங்கற்கள் இறுகி ஒட்டிய பாறை. முட்டை அளவிலிருந்து தலை அளவு வரை, வழவழப்பான குவார்ட்சைட் என்ற கடினக் கல் உருண்டைகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. மலை அரிக்க அரிக்க இவை கழன்று, ஓடைகளில் உருண்டு, பள்ளத்தாக்கெங்கும் பரவின. கருவி செய்ய நல்ல கல், பக்கத்திலேயே தண்ணீர் என்று இரண்டும் கிடைத்ததால்தான் இத்தனை காலம் மனிதர்கள் இந்தப் பக்கம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள்.